பூசையில் வைத்த எஞ்சின் மூடி

பழைய ஆயில் தீயும் வாசனை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் அப்பாவின் வெல்டிங் ஷெட்டில் வளர்ந்த எனக்கு அது சோற்று வாசனை மாதிரி. வார்ப்பு அலுமினியம் வருஷக்கணக்கில் குடித்த ஆயிலை உள்ளேயே வைத்திருக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் பற்று பிடிக்காது என்பதால், அதைக் கரி அடுப்பில் சுட்டு, கசிவதைத் துடைத்து, புகை அடங்கும்வரை மறுபடி மறுபடி சுட வேண்டும். எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் "கக்க வைக்கிறது". அது சித்தப்பாவின் வேலை.

ஆயுத பூசைக்கு முதல் நாள், ஓர் ஆட்டோக்காரருடைய விரிசல் விட்ட எஞ்சின் மூடியைப் பகலெல்லாம் உட்கார்ந்து கக்க வைத்து, தேய்த்து, பூசை முடிந்து அப்பா பற்றவைப்பதற்காகச் சித்தப்பா எடுத்து வைத்தார். பூசைக்குச் சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது பத்து வயதான என் பொறுப்பு. அதில் எனக்குக் கர்வம் அதிகம். அந்த மூடி மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது சாமிக்கு ஆகாது என்று, விளக்கு நல்லெண்ணெயைத் தொட்டு விரிசலுக்குள்ளும் போகத் தேய்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"பளபளன்னு வெச்சிருக்கா பாரு எம் பொண்ணு!" என்றார் அப்பா.

பூசை முடிந்த மறுநாள் அவர் பொட்டைத் துடைத்துவிட்டு நெருப்பைக் காட்டியதும் புகை கிளம்பியது. பற்று பிடிக்காமல் பொரிந்தது. இன்னும் சூடு காட்டியதில் ஓரமே உருகி விழுந்தது. ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கக்க வெச்சேன்னியேடா!" என்று அப்பா சித்தப்பாவிடம் பாய்ந்தார்.

"சாமி சத்தியமா வெச்சேண்ணா."

"பூச போட்ட மறுநாளே சாமி பேர்ல பொய்யா? இனிமே ஷெட்டுல கால் வெக்காதே!"

தெருவே பார்த்தது. எண்ணெய் தேய்த்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சித்தப்பா ஷெட்டிலேயே நின்றிருப்பார். முந்தின நாள் கிடைத்த பாராட்டை இழக்க மனமில்லாமல் நான் வாயைத் திறக்கவில்லை.

பொம்மனஹள்ளிக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாகவே சித்தப்பாவின் காலம் போய்விட்டது. போன வருஷம், சொல்லிவிடுவது என்றுதான் அவரைப் பார்க்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, "எங்கண்ணன் தங்கம், பாப்பா. நாந்தான் அன்னிக்கு சரியா சுடாம உட்டுட்டேன் போல," என்றார். அத்தனை வருஷத்தில் அதை அவரே நம்பிவிட்டிருந்தார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பா இல்லை, இந்தத் தை மாதம் சித்தப்பாவும் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கடைசிப் புகையும் அடங்கும்வரை அவர் சுட்டதை, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான்.