தண்ணீரில் எழுதுகிற மாப்பிள்ளை

இரத்தினேஸ்வரி ஒருவரைக் கண்டால் முதலில் கையைப் பார்ப்பார், பிறகு பையைப் பார்ப்பார். முகம் கடைசியில்தான். திருகோணமலை நகரத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் வாசலில், வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பைகளைச் சோதிப்பது அவருடைய வேலை. ஒருத்தியின் சோற்றுப் பெட்டியைத் திறந்து, மிச்சச் சோற்றுக்கு அடியில் நூல்கட்டை இருக்கிறதா என்று கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார். "இருந்ததுதானே" என்பார்.

அன்புவழிபுரத்து வீட்டிலும் அதே குணம்தான். காஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "நிறை குறைவாக் கிடக்கு" என்று கொண்டுவந்தவனை ஒரு பாட்டம் அழவைத்துத்தான் அனுப்புவார். கணவர் கதிரவேல் லொறி ஓட்டுகிறவர். பாதி நாள் வவுனியாவில் நிற்பார். எதைக் கேட்டாலும் "நீ பாத்துச் செய்யன்" என்று தொலைபேசியை வைத்துவிடுவார். ஆகவே அந்த வீட்டில் பார்ப்பதும் செய்வதும் இரத்தினேஸ்வரிதான்.

மகள் தேனுகாவுக்குச் சம்பந்தம் வந்தபோதும் அவர்தான் பார்த்தார். தரகர் பாக்கியரத்தினம் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"பெடியன் சல்லிக் கிராமத்துப் பக்கம், தங்கச்சி. பேர் விதுசன். குடி, புகை ஒண்டும் இல்லை. துறைமுகத்தில ஹைட்ரோகிராபர்."

"என்ன கிராபர்?"

"ஹைட்ரோ."

"அப்பிடியெண்டா?"

தரகர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "பெரிய உத்தியோகம்."

"பெரிசெண்டு தெரியுது. என்ன உத்தியோகம்?"

"கடல் சம்பந்தம்."

"நெத்தலி காயப்போடுறதும் கடல் சம்பந்தம்தான்."

குசினிக்குள் தேனுகா சிரிப்பை அடக்கியது கேட்டது. தரகர் சிரிக்கவில்லை.

இரத்தினேஸ்வரி இப்படிக் குடைந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கைக்குக் கட்டிவைத்த மாப்பிள்ளை கட்டாரில் "லொஜிஸ்ரிக்ஸ் எக்ஸிகியூற்றிவ்" என்றார்கள். கலியாணம் முடிந்த பிறகுதான், அவர் களஞ்சியத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறார் என்று தெரிந்தது. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் அப்போதும் சம்மதித்திருப்பார்கள். ஆனால் சொல்லவில்லை. இன்றைக்கும் தங்கை, புருஷன் மணி என்னவென்று சொன்னாலும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறவள். அன்றிலிருந்து, வாய்க்குள் நுழையாத ஆங்கிலச் சொல் ஒன்று வீட்டுக்குள் வந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்றே இரத்தினேஸ்வரிக்குத் தோன்றும்.

தேனுகா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். தாயின் அனுமதியோடு விதுசனுடன் தொலைபேசியில் கதைத்தாள். முதல் தடவை ஸ்பீக்கரைப் போட்டுக் கதைத்தாள். அடுத்த தடவை முற்றத்து மாமரத்தடிக்குப் போய்விட்டாள். மகளுக்குப் பிடித்துவிட்டது என்று இரத்தினேஸ்வரிக்கு விளங்கியது. விளங்கியதும் சந்தேகம் இரட்டிப்பானது.

"என்ன வேலையெண்டு கேட்டனியா?"

"கடலை அளக்கிறதாம், அம்மா."

"கடலை அளக்கிறானோ? கொத்துக் கொண்டு போறானோ, உழக்குக் கொண்டு போறானோ?"

தேனுகா போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். கப்பலுக்குள் கணினிக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்.

"அது அந்த வெள்ளைக்காரன். இவன்?" என்றார் தாய்.

மறுநாள் வாசலில், தன்னோடு வேலை செய்யும் ஷிஃபானாவிடம் விஷயத்தைச் சொன்னார். ஷிஃபானா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சனி, ஞாயிறில் ஆங்கிலப் பாடநெறி படிக்கிறாள். அங்கே ஆங்கிலச் சொற்களின் வேர்களைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து அவளுக்கு ஒரு பைத்தியம். பெயர்ப்பலகை, மருந்துப் பெட்டி, சவர்க்கார உறை என்று கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் உடைத்துப் பார்ப்பாள். இந்த வேர் லத்தீன், இது கிரேக்கம், டெலி என்றால் தூரம், போன் என்றால் ஓசை என்று ஒப்புவிப்பாள்.

"நீங்க பையத் திறந்து பாக்கிற மாதிரித்தான் ரத்னாக்கா, நான் சொல்லத் திறந்து பாக்கிற" என்பாள்.

ஹைட்ரோகிராபர் என்றதும் அவளுக்குக் கண் மின்னியது.

"லேசான சொல்லு அக்கா! ஹைட்ரோ எண்டா தண்ணி. கிராப் எண்டா எழுதுற. கடைசியில வாறது ஆளு. தண்ணியில எழுதுற ஆளு!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவளுடைய காதிலேயே விழுந்தது.

"தண்ணியில எழுதுறவனோ?" என்றார் இரத்தினேஸ்வரி, மிக மெதுவாக.

"கிரேக்கச் சொல்லு அக்கா. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசு."

"அப்ப ரெண்டாயிரம் வருசமா இந்த ஏமாத்து நடக்குது."

லீவு நாளில், மாப்பிள்ளையின் வேலையை நேரில் பார்க்க அவர் உட்துறைமுக வீதிக்குப் போனார். கரையில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு சிறிய வெள்ளைப் படகு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, அது என்ன போட்?"

"ஆருக்குத் தெரியும்? காலமை தொடக்கம் போகுது, வருது. வலையுமில்ல, தூண்டிலுமில்ல, ஆளேத்திறதுமில்ல. டீசலுக்குக் கேடு."

இரத்தினேஸ்வரி புளியமர நிழலில் நின்று பார்த்தார். படகு நேராக ஓடியது. ஓர் இடத்தில் திரும்பியது. போன பாதைக்குச் சற்றுத் தள்ளி, அதே நேர்கோட்டில் திரும்பி வந்தது. ஒரு வரியை எழுதி முடித்து அடுத்த வரிக்கு இறங்குகிற மாதிரியே இருந்தது. தண்ணீரிலோ ஓர் எழுத்தும் இல்லை. அலை வந்து படகின் தடத்தையும் அழித்துவிட்டுப் போனது.

அன்று பின்னேரமே தரகருக்குத் தொலைபேசி எடுத்து, சரிவராது என்று சொல்லிவிட்டார்.

தேனுகா அழவில்லை. தாய்க்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"காரணம்?"

"அவன் தண்ணியில எழுதுறவன்."

"ஆர் சொன்னது?"

"ஷிஃபானா. சொல்லை உடைச்சுப் பாத்துச் சொன்னவள்."

"அம்மா, நீங்க காஸ்காரனை நம்புறேல்ல, தரகரை நம்புறேல்ல, என்னையும் நம்புறேல்ல. அந்தப் பிள்ளை உடைச்ச அரைச் சொல்லை மட்டும் ஏன் நம்பினீங்க?"

இரத்தினேஸ்வரி சோற்றைப் பிசைந்தார். சரி பிழை பார்க்காமல் ஒன்றை உள்ளே விட்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கறி உப்பா புளிப்பா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழும்பினார்.

மறுநாள் வாசலில் ஷிஃபானாவைப் பிடித்தார். சம்பந்தம் முறிந்த கதையைக் கேட்டதும் அவள் தலையில் கையை வைத்தாள்.

"யா அல்லாஹ்! நான் சொல்லி நீங்க கலியாணத்தையே நிப்பாட்டிட்டீங்களா? ஒரு வேரத் தனியப் புடுங்கிப் பாக்கப் படாதக்கா. அதில முளைச்ச மத்தச் சொல்லுகளையும் பாக்கணும். நான் அவசரப்பட்டுட்டன்."

"இப்ப பாப்பம். சொல்லு."

"நீங்க ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்திருக்கீங்கதானே? அதில கடைசி ஜி எண்டா கிராம், அதுவும் இதே வேர்தான். அந்தக் கடதாசியில ஆரு எழுதின?"

"ஒருத்தரும் எழுதேல்ல. நெஞ்சு துடிக்க மெசின் கோடு கோடாக் கீறினது."

"ஆ, கீறின! இப்ப பாருங்க, நம்மட பேச்சில நகத்தால கீறுறதும் கீறுறதுதான், படம் வரையுறதும் கீறுறதுதான். அந்தக் கிரேக்க ஆக்கள்ட சொல்லும் முதல்ல கீறுறதுதானாம். கல்லில, களிமண்ணில கீறித்தானே எழுத்தே வந்த! ஜியோகிராபி எண்டா பூமியக் கீறிக் காட்டுற. இது தண்ணி. அவர் தண்ணியில எழுதுற ஆளில்லக்கா, தண்ணிக்குள்ள என்ன கிடக்கு எண்டு கீறிக் காட்டுற ஆளு."

இரத்தினேஸ்வரிக்கு அந்தப் படகு நினைவில் வந்தது. போன கோடு, திரும்பி வந்த கோடு. ஆனாலும் அவர் உடனே இளகவில்லை.

"அண்டைக்கு ஒண்டு சொன்னாய். இண்டைக்கு வேற சொல்லுறாய்."

"அப்ப போய்க் கேளுங்க. சொல்லு கதவு வரைக்கும்தான் கூட்டிப் போகும். உள்ளுக்குப் போறது நீங்கதான்."

வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளையைப் பெண்ணின் தாய் தேடிப் போவது ஊரில் இல்லாத வழக்கம். தரகர் அறிந்தால் திருகோணமலை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். இரத்தினேஸ்வரி அரைநாள் லீவு போட்டுக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போனார். அந்த வெள்ளைப் படகு கரை தட்டும்வரை குடையைப் பிடித்தபடி நின்றார். வெயிலில் கறுத்த, மெலிந்த ஒருவன் தோளில் ஒரு பெட்டியோடு இறங்கினான். தரகர் காட்டிய புகைப்படத்தில் பார்த்த முகம்தான்.

"நான் தேனுகாவின்ர அம்மா."

விதுசன் பெட்டியைக் கீழே வைத்தான். "வேண்டாம் எண்டு சொல்லிவிட்டீங்களாமே, அன்ரி?"

"சொன்னனான். இப்ப கேக்க வந்தனான். நீங்க தண்ணியைக் கீறுறனீங்களோ, தம்பி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓம், ஒரு கணக்குக்கு அப்பிடித்தான். அடித்தளத்தைக் கீறுறது. எங்க ஆழம், எங்க பாறை, எங்க மண் மேடு எண்டு. அந்தப் படத்தைப் பாத்துத்தான் கப்பல் உள்ளுக்கு வரும்."

"அடியைக் கண்டனீங்களோ?"

"கண்ணால இல்லை. போட்டில இருந்து சத்தம் ஒண்டை அனுப்புவம். அது அடியில பட்டுத் திரும்பி வாற நேரத்தை வச்சு ஆழத்தைக் கணக்குப் பாப்பம்."

"சத்தம் பொய் சொல்லாதோ?"

இதைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். விதுசன் சிரிக்கவில்லை.

"சொல்லும், அன்ரி. தண்ணி சூடெண்டா சத்தம் கெதியாப் போகும், குளிரெண்டா சுணங்கும். மீன் கூட்டம் போனா அதையே அடியெண்டு காட்டும். அதால நாங்கள் நம்புறேல்ல. தண்ணியின்ர சூட்டையும் தனியா அளக்கிறது. நேரா ஓடின இடத்துக்குக் குறுக்காலயும் ஓடிப் பாக்கிறது. ரெண்டும் ஒத்துவராட்டி திரும்ப ஓடுறது."

"ஒத்துவந்தா?"

"வேற ஒருத்தரைக் கொண்டு சரி பாக்கிறது."

இரத்தினேஸ்வரி குடையை மடக்கினார். இப்படி ஒருவனை அவர் இதுவரை சந்தித்ததில்லை. அவருடைய வீட்டில்கூட இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ. நான் இன்னும் ஓம் சொல்லேல்ல. கேக்கக் கனக்கக் கிடக்கு."

"சரி, அன்ரி."

"நான் இங்க வந்தது தேனுகாவுக்குத் தெரியாது."

விதுசன் தலையைச் சொறிந்தான். "தெரியும் போல, அன்ரி. காலமை மெசேஜ் ஒண்டு போட்டவ."

"என்ன மெசேஜ்?"

"அம்மா வருவா, பயப்பிடாதேங்கோ எண்டு."

"அவ்வளவுதானோ?"

"எல்லாத்தையும் ரெண்டு தரம் கேப்பா எண்டும் இருந்தது."

இரத்தினேஸ்வரி கையை நீட்டினார். "காட்டுங்கோ, பாப்பம்."

அவன் போனைத் திறந்து அவருடைய கையில் வைத்தான். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே இருந்து கீழே வரைக்கும் நிதானமாக வாசித்தார்.