போர்வை போர்த்தாத மெஷின்

எங்கள் தெருவில் மோட்டார் இல்லாத வீடே கிடையாது. ஒரு வீட்டில் வெல்டிங், அடுத்ததில் மாவு மில், அதற்கடுத்ததில் பழைய பிளாஸ்டிக் அரைப்பது. ஆனால் மின்சார அலுவலகத்தைக் கேட்டால், அங்கே வெறும் குடும்பங்கள்தான், பல்பும் ஃபேனும் ஓடினால் போதும் என்பார்கள். அவர்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நாங்கள்தான். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் அபராதம், லைனையும் வெட்டிவிடுவார்கள். அதனால் எந்த வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று லோடு பார்க்க ஆள் வருகிறார் என்ற பேச்சு காதில் விழுந்ததும் மெஷின்கள் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். வந்தவரும் பல்பைப் பார்த்துவிட்டுப் போவார். மதியமானால் டிரான்ஸ்பார்மர் திணறும், மோட்டார் புகையும், நாங்கள் அரசாங்கத்தைத் திட்டுவோம்.

ஓவர்லாக் அக்காவும் பல வருடம் மறைத்தவள்தான். பனியனுக்கு ஓரம் அடிக்கும் அந்த ஓவர்லாக் மெஷினில்தான் அவள் குடும்பமே ஓடியது. கணவர் வேலைக்குப் போன நாளை விடப் போகாத நாள்தான் அதிகம். மாமியார் பிசிறு வெட்டுவார். அவர் நாக்குக்கு முன்னால் கத்தரி மொட்டை. சோதனைக்கு ஆள் வந்தால் மெஷினைக் கட்டிலில் கிடத்திப் போர்வை போர்த்தி, பக்கத்தில் மாமியார் காய்ச்சல்காரியாகப் படுத்து முனகுவார்.

இந்தக் கோடையில் லோ வோல்டேஜில் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. இன்னொரு முறை எரிந்தால் துணி வேறு தெருவுக்குப் போய்விடும் என்று தைக்கத் துணி கொடுக்கும் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அக்கா அலுவலகத்துக்கே போய்ப் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டாள். உங்கள் தெருவில் தொழிலே இல்லையே, எதற்கு என்று சிரித்தார்களாம்.

அடுத்த தடவை லோடு பார்ப்பவர் வந்த காலை, தெரு வழக்கம்போல் அடங்கியது. ஒரு வீட்டில் மட்டும் சத்தம் ஓயவில்லை. அக்கா மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தன் பதறி ஓடி வந்தான்.

"அண்ணி, இது உங்க வீட்டோட நிக்காது. எல்லார் பொழப்பும் போயிரும்."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு தம்பி, சாண் என்ன முழம் என்ன. தெருவே போர்வைக்குள்ள படுத்துக்கிட்டா கரண்ட் எங்கேர்ந்து வரும்?"

அவன் பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு இன்னைக்குக் காய்ச்சல் இல்லடா," என்று அவர் அடுத்த பனியனை எடுத்தார்.

லோடு பார்ப்பவர் நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. குரலைத் தாழ்த்தி, "நான் பார்க்கலைன்னு வச்சுக்கிறேன். மூடி உள்ள வச்சிரும்மா," என்றார். கதவுகளுக்குப் பின்னால் தெருவே பெருமூச்சு விட்டிருக்கும்.

"மூட மாட்டேன் சார். எழுதுங்க."

"எழுதினா லைனை வெட்டணும்மா."

"வெட்டுங்க. எதை ஓட்டினதுக்கு வெட்டினீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தத் தெருவுல வேலை நடக்குதுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு தாளாவது சொல்லட்டும்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏணி போட்டு ஏறி லைனையும் வெட்டினார். மெஷின் பாதித் தையலில் நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி அந்த ஓரத்தை அடித்து முடித்தாள். அதற்கப்புறம்தான் தாளுக்குக் கை நீட்டினாள்.

கொழுந்தன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். அவன் மேல் எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது, வாய்ச்சொல் வீரன். அண்ணியைத் திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் போய்த் தன் பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தான்.

"ஒத்த மெஷினுக்கு டிரான்ஸ்பார்மர் குடுக்க மாட்டாங்க," என்றான். "ஏணியை எடுக்காதீங்க சார். என்னோடதையும் எழுதுங்க."