மதிலுக்கு அந்தப் பக்கம் காய்த்த கொடி

1. முளை விட்ட ஒரு சௌசௌக் காயை அத்தை எங்கள் பின்முற்றத்து மதிலோரம் நட்டாள்.

2. கொடி மதிலேறித் தாண்டி, நாங்கள் நுழையக்கூடாத தோட்டத்துக்குள் காய்த்தது.

3. யுத்தம் வந்தது. சைரன் ஊதினால் ஒளிந்துகொள்ள அந்தத் தோட்டத்தில் பள்ளம் வெட்டினார்கள். ஒத்திகைக்காக எங்களை உள்ளே விட்டார்கள். அத்தை பையோடு போனாள்.

4. அறுப்பின் பண்டிகையில் அத்தை தன் கொடியின் காயைத் தானே ஏலம் எடுத்தாள்.

5. மறுநாள் கொடியை அடித்தண்டோடு வெட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான். எதையும் வரிசைப்படுத்தி எழுதுவது டிராயிங் ஆபீஸில் எனக்குப் படிந்த பழக்கம். நான் அங்கே டிரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படங்களைத் துணியில் மையால் நகலெடுத்து, வண்ணம் தீட்டிக் கொடுப்பது என் வேலை. செங்கல்லுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், தோட்டத்துக்குப் பச்சை. கண்டோன்மெண்டின் பங்களாப் படம் வந்தால் பச்சைக் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். லைன் வீடுகளின் படம் வந்தால் அந்தக் கிண்ணத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என் கண்ணில் படவில்லை. அத்தையின் கொடிக்குப் பிறகுதான் பட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால், அம்மா இறந்தபின் என்னை வளர்த்தது அவள்தான். எங்கள் லைனில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கல் பாவிய சிறு முற்றம், அதன் முடிவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் வட்டத் தோட்டம். அதைச் சுற்றியிருந்த பங்களாக்காரர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து அதைப் பார்த்துக்கொண்டார்கள். பங்களாவுக்கு ஒரு சாவி. எங்களுக்கு அங்கே பூக்கும் மரங்களின் உச்சி தெரியும். மழைக்குப் பின் மண்வாசனை வரும். புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். மற்றது எல்லாம் ஊகம்.

அத்தை முற்றத்தில் ஒரு கல்லைப் பெயர்த்தாள். அடித்தகடு வெட்டிய மண்ணெண்ணெய் டின்னை அந்த இடத்தில் பதித்து, ஜட்கா ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்த குதிரைச் சாணத்தை மண்ணோடு கலந்து நிரப்பினாள். பக்கத்து வீட்டுத் தபால்காரர் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை.

"டீச்சரம்மா டின்னுல வெவசாயம் பண்றாங்கடி! அடுத்து நெல்லு போடுவீங்களா?"

"போட்டா உனக்கும் ஒரு படி அளக்கறேன், போ."

லைனில் யாரும் செடி வைப்பதில்லை. இடம் இல்லை என்பது ஒரு காரணம். செடி என்பது இடம் உள்ளவர்களின் காரியம் என்ற எண்ணம் அதைவிடப் பெரிய காரணம். பங்களாக்காரர்களுக்கும் தோட்டத்தைப் பற்றித் தீர்மானமான எண்ணங்கள் இருந்தன. வாசலில் ரோஜாவும் குரோட்டன்ஸும் இருக்கலாம். காய்கறி சமையற்கட்டுக்குப் பின்னால், விருந்தாளியின் பார்வை படாத இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆகவே கமிட்டியின் செக்ரட்டரி ஐயா எங்கள் கொடியை முதலில் பார்த்தபோது முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. அவர் கணக்கு இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயரானவர். எங்கள் கிறிஸ்தவச் சபைதான். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து வேதபாடம் வாசிப்பவர். ஆராதனை முடிந்து வாசலில் அத்தையை நிறுத்தினார்.

"டீச்சர், அது ஃப்ளவர் கார்டன். உங்க காய் அங்க தொங்கினா நல்லாவா இருக்கு?"

"நான் தொங்கவிடலீங்க ஐயா. அதுவா போச்சு."

அவர் சிரித்துவிட்டார். கொடி தப்பித்தது. ஆனால் அது இங்கே ஒரு பிஞ்சுகூட விடவில்லை. இலையும் சுருளும் எங்களுக்கு, காய் முழுவதும் அவர்களுக்கு. அங்கே தோட்டவேலை செய்யும் மாலி மதிலுக்கு அந்தப் பக்கம் ஏணியில் ஏறித் தலையை நீட்டுவார்.

"ஏன் டீச்சரம்மா, உங்க வீட்டுச் சாப்பாடு அதுக்குப் பிடிக்கலியா? நம்ம பக்கமே ஓடி வருதே!"

நான் என் படிப்பைக் காட்ட நினைத்தேன். முற்றத்தை அளந்து, காலையும் மாலையும் நிழல் விழும் இடங்களைக் குறித்து, கம்பிப் பந்தல் ஒன்று வரைந்தேன். கொடியை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று எண்ணம். அத்தை படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"அழகா வரைஞ்சிருக்கே பாப்பா. ஆனா வெயில் அந்தப் பக்கம்தான் இருக்கு."

அவள் சொன்னது சரி. என் படமும் அதையேதான் காட்டியது.

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் காய்கறி பயிரிடுங்கள் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டினார்கள். நேற்றுவரை அசிங்கமாக இருந்த முட்டைக்கோஸ் ஒரே வாரத்தில் தேசசேவை ஆகிவிட்டது. வட்டத் தோட்டத்தில் ரோஜாப் பாத்தியைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். கேட் மட்டும் முன்பு போலவே பூட்டியிருந்தது. பூவுக்காகப் பூட்டியதை இப்போது கிழங்குக்காகப் பூட்டினார்கள்.

அந்தப் பூட்டைத் திறந்தது சைரன்தான். ஒத்திகை நாளில் எங்கள் லைன் முழுவதும் கேட் வழியாக உள்ளே ஓடிப் பள்ளத்தில் படுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தின் படத்தை நகலெடுத்ததே நான்தான். வாழ்நாளெல்லாம் மதிலுக்கு இப்பால் இருந்தவர்கள் உள்ளே போனதும் படுக்க மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள். "ஐயோ, இவ்ளோ பெரிசா!" என்றாள் தபால்காரர் மனைவி. ஒத்திகையை நடத்தும் வார்டனாக விசில் ஊதியவர் எங்கள் தெரு அச்சாபீஸ் கம்பாசிட்டர். ஒவ்வொரு தலையாக அழுத்திக்கொண்டு வந்தவர் அத்தையைக் காணாமல் திரும்பிப் பார்த்தார். அவள் மதிலோரம் பையை விரித்துக் காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! பாம் விழறப்பவும் காய் பறிச்சிட்டு இருப்பீங்களா?"

"பாம் விழுந்தா காயும்தானே போயிடும் தம்பி. அதான் முன்னாடியே பறிக்கறேன்."

பள்ளத்துக்குள்ளிருந்து ஊரே சிரித்தது. காய் பறித்து முடித்தும் அத்தை பள்ளத்துக்கு வரவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. பையை அருகில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, எதையும் குறிப்பாகப் பார்க்காமல், ஆபத்து நீங்கிய சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் நின்று, வீட்டில் நின்று, அரிசி வரிசையில் நின்று பழகியவளை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது காய் அல்ல என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

வெளியே வரும்போது கேட்டருகே நின்ற செக்ரட்டரி ஐயாவிடம் அத்தை கேட்டாள். கேட்பதற்கு முன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, சனிக்கிழமை சாயந்தரம் ஒரு அரை மணி நேரம் வந்து கொடியைப் பாத்துக்கட்டுமா?"

"நீங்க எதுக்கு டீச்சர் சிரமப்படணும்? மாலிகிட்ட சொல்றேன். பறிச்சு மதில் மேலயே குடுத்துடுவான்."

"சிரமம் இல்லீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்."

"உங்களுக்குன்னா திறக்கலாம். நாளைக்கு லைன் மொத்தமும் வந்து நிக்கும். புரிஞ்சுக்கங்க."

அவர் கெட்டவர் அல்ல. சொன்னபடி மாலி வாரந்தோறும் கூடையை நீட்டினார். அத்தை நன்றி சொல்லி வாங்கி, அண்டை வீடுகளுக்குப் பங்கிட்டாள். எங்கள் வீட்டில் அந்தக் காயைச் சமைப்பது நின்றுபோனது. ஒத்திகைகளும் மெல்ல நின்றுபோயின.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு, அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடும் வழக்கப்படி, கரும்பும் பூசணியும் கோழியும் முட்டையுமாகக் குவிந்தன. கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளைதான் ஏலம் கூறுபவர். நல்ல குரல். ஒரு பெரிய கூடையைத் தூக்கிக் காட்டினார்.

"வட்டத் தோட்டத்துச் சௌசௌ! செக்ரட்டரி ஐயா காணிக்கை! கேளுங்க, கேளுங்க!"

ஐயா அடக்கமாகத் தலை குனிந்து நின்றார். அது எங்கள் கொடி என்பது அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும். தம் தோட்டத்தில் விளைந்தது, தாம் கர்த்தருக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான் அவருக்கு. தபால்காரர் மனைவி இந்துவானாலும் ஏலம் பார்க்கத் தவறாமல் வருபவள். அவள் அத்தையின் முழங்கையை இடித்தாள்.

"டீச்சரம்மா, அது உங்க காயாச்சே!"

"தெரியும். சும்மா இரு."

அத்தை கை தூக்கினாள். வேறொருவர் ஏற்றிக் கேட்டார். அத்தை மேலும் ஏற்றினாள். அவள் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வட்டத் தோட்டத்தின் மதிலைச் சுற்றி வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் அரிவாளை எடுத்து அடித்தண்டை வெட்டினாள். கோபமாக அல்ல. தைத்து முடித்த நூலை அறுப்பது போல.

அந்தப் பக்கம் கொடி வாடத் தொடங்கியதும் செக்ரட்டரி ஐயா முதல்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தார். முற்றத்தில் டின்னையும் பெயர்த்த கல்லையும் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன இடத்துலயா டீச்சர்? ஏன் வெட்டிட்டீங்க? நல்லா காய்ச்சிட்டிருந்ததே."

"வேர் இங்கதான் இருந்ததுங்க ஐயா. எப்ப வேணும்னாலும் நீங்க வந்து பாத்திருக்கலாம். இதுக்குச் சாவி கிடையாது."

கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்தது. பள்ளங்களை மூடிப் புல் வளர்த்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு போய் ரோஜா திரும்பிவிட்டது. லைன்காரர்களை ஞாயிறு மாலையாவது உள்ளே விடலாம் என்று செக்ரட்டரி ஐயா கமிட்டியில் பேசிப் பார்த்ததாக மாலி சொன்னார். மற்றவர்கள் ஒப்பவில்லையாம். அத்தை ரிட்டயராகி லிங்கராஜபுரத்தில் என் அப்பாவோடு இருக்கிறாள். அங்கே வீட்டைச் சுற்றித் தாராளமாக மண் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. ஏதாவது நடலாமே என்று போன மாதம் கேட்டேன். "அலுத்துப்போச்சு பாப்பா" என்றாள். மறுபடி நான் கேட்கவில்லை. லைன் வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். தோட்டத்தின் கேட் பூட்டியிருக்கிறது.