அத்தையின் தனிப் பங்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்தோம். சர்ச்சுக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து குளிர்காலக் காய்கறி போட்டார்கள். கூலி கிடையாது; ஆசைப்பட்டவர்கள் வந்து மண்ணைக் கொத்தலாம். வீட்டுக்கு ஒரு பாத்தி. கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை விளைந்ததையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி, வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்தான் தலைவர். தண்ணீர் ஊற்றத் தொடங்கவும் நிறுத்தவும் அவர் விசில் ஊதுவார். தெருவுக்கே அவர் கார்டு தாத்தா.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில், அப்பாவின் தங்கை ஒரு டிரங்குப் பெட்டியோடு குன்னூரிலிருந்து வந்து சேர்ந்தார். மாமா ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே அத்தை தோட்டத்துக்குப் போய்த் தனக்கென்று ஒரு பாத்தி கேட்டார். வீட்டுக்கு ஒன்றுதான் என்பது சட்டம்; எங்கள் பாத்தியில் அப்பாவின் பீன்ஸ் ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தது. கார்டு தாத்தா யோசித்துவிட்டு, இடிந்த சுவரின் செங்கல்லும் காரையும் குவிந்து கிடந்த மூலையைக் காட்டினார்.

"அதை யாரும் எடுக்கலம்மா. முடிஞ்சா நீ பண்ணிக்கோ."

அத்தைக்கு முடிந்தது. கடப்பாரையை இரவல் வாங்கிக் காரையைப் பெயர்த்தார். செங்கல்லைப் பொறுக்கி ஓரத்தில் வரம்பு கட்டினார். மாட்டுக் கொட்டகையிலிருந்து எருவைத் தலையில் சுமந்து வந்தார். காலிஃபிளவர் நட்டார். பனி கொட்டும் காலையில் அப்பாவின் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்குவார். பார்த்தால் சிரிப்பு வரும். அந்தக் கைகளின் வேகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

பூ வைக்கத் தொடங்கியதும் பழைய புடவை ஒன்றைக் கிழித்து, சுற்றியிருந்த இலைகளைத் தூக்கிப் பூவை மூடிக் கட்டினார். காலிஃபிளவருக்குப் பல்வலி என்று தெரு முழுக்கக் கேலி. வெயில் பட்டால் பூ மஞ்சளாகிவிடும் என்று அவர் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை.

பங்கு பிரிக்கும் நாளில் கட்டுகளை அவிழ்த்தார்கள். மற்ற பாத்திகளின் பூக்கள் வெயிலில் பழுத்துக் கிடக்க, அத்தையுடையவை வெண்ணெய் உருண்டை போல இருந்தன. கார்டு தாத்தா வாயிலிருந்த விசிலை எடுக்க மறந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குவியலைப் பிரிக்கத் தொடங்கியபோது அத்தை முன்னால் வந்தார்.

"எனக்குத் தனியா ஒரு பங்கு வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா இது? நம்ம வீட்டுக்குத்தான் ஒண்ணு வருதே. எல்லாம் ஒரே அடுப்புலதானே வேகுது?"

"அடுப்பு ஒண்ணுதான் அண்ணா. பாத்தி வேற."

"ஒத்தை ஆளுக்கு ஒரு முழுப் பங்காம்மா?" என்றார் கார்டு தாத்தா.

"கல்லு பொறுக்கினப்பவும் ஒத்தை ஆளுதானே தாத்தா."

அத்தை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. என் அப்பாவை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசிய ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். கார்டு தாத்தா இன்னொரு சாக்கை விரித்து, மற்ற வீடுகளுக்கு வைத்த அளவையே அத்தைக்கும் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகச் சமையலறைக்குப் போய், அந்தச் சாக்கை அம்மாவின் கூடையில், எங்கள் பங்கின் மேலேயே கவிழ்த்தார். "இந்தாங்க அண்ணி" என்றார், அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே கூடைக்கு வரப்போகிற காய்க்கு, ஊர் சிரிக்க அப்படி ஒரு சண்டை எதற்கு?

மதியம் காலிஃபிளவர் குழம்பு. சாப்பாட்டின் நடுவில் அத்தை தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க அண்ணி" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் மறுசோறு கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா கரண்டியோடு ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். நான், குழம்புச் சட்டியில் எனக்குப் பூ மிஞ்சுமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.