முதலில் யார் வாங்குவது

தோஹாவில் நான் வேலை பார்த்த வங்கியில் யாராவது வாய் தவறிக் "கடன்" என்று சொன்னால் மேலாளரின் முகம் கோணிவிடும். நாங்கள் கடன் கொடுப்பதில்லை, வியாபாரம் செய்கிறோம் என்பார். ஒருவருக்குச் சீமெந்து தேவையென்றால் வங்கி அந்தச் சீமெந்தைத் தன் காசில் முதலில் வாங்கும். பிறகு தன் இலாபத்தைச் சேர்த்து அவருக்குத் தவணைக்கு விற்கும். முராபஹா என்று அதற்குப் பெயர். காசு கொடுத்துக் கூடுதலாகக் காசு வாங்கினால் அது வட்டி, ஹராம். பொருளை வாங்கி விற்றால் அது இலாபம், ஹலால். இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலி ஒன்றே ஒன்றுதான்: பொருள் கொஞ்ச நேரமாவது வங்கிக்குச் சொந்தமாக இருந்ததா? அந்த வேலிக்குக் காவல் இருந்தவள் நான்.

யாழ்ப்பாணத்துச் சைவக்காரி ஒருத்தி, காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் இஸ்லாமிய வங்கியின் ஹலாலுக்குக் காவல் இருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அங்கே யாருக்கும் அது வேடிக்கையாக இருக்கவில்லை. நான் கெடுபிடிக்காரி என்றுதான் பெயர் எடுத்திருந்தேன். ஒருமுறை ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அவசரம் தாங்காமல், வங்கி வாங்குவதற்கு முன்பே ஜெனரேற்றர்களைத் துறைமுகத்திலிருந்து தன் தளத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கடதாசியில் எல்லாம் சரியாகவே இருந்தது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். இறக்கும்போது அவை கடலுக்குள் விழுந்திருந்தால் நட்டம் யாருக்கு? அவருக்குத்தான் என்றார்கள். அப்படியென்றால் அவை ஏற்கெனவே அவருடையவை. அவருடைய பொருளை அவருக்கே எப்படி விற்பது? வங்கியின் மார்க்க அறிஞர் குழு என் பக்கம் நின்றது. அந்த வியாபாரத்தின் இலாபம் முழுவதும் தருமத்துக்குப் போயிற்று. மேலாளர் நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்தக் கெடுபிடிக்காரி அதே வங்கியில் இன்னொரு வேலையும் செய்தாள். பெரிய கம்பெனிகளுக்குச் சீமெந்து வேண்டாம், கையில் காசுதான் வேண்டும். அவர்களுக்காக, எங்கோ ஒரு தூரதேசத்துக் களஞ்சியத்தில் கிடக்கும் உலோகத்தை வங்கி வாங்கும், அவர்களுக்குத் தவணைக்கு விற்கும், அவர்கள் அதை உடனே மூன்றாமவர் ஒருவருக்கு விற்றுக் காசைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த உலோகத்தை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை மட்டும் பிசகாது. பிசகாமல் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அது வியாபாரமா நாடகமா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மொன்றியலுக்கு வந்தபின் இந்த அனுபவமெல்லாம் செல்லாக் காசாகிவிட்டது. ஒரு வங்கியின் நேர்முகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், வட்டி வாங்காத வங்கி எதைச் சாப்பிட்டு உயிர் வாழும் என்று. நான் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "அதே வட்டிதானே, வேறு உடுப்புப் போட்டிருக்கிறது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெனரேற்றர் கதையைச் சொல்லிக் குரலை உயர்த்தினேன். வேலை கிடைக்கவில்லை. இப்போது செயின்ட்-லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். அங்கே யாரும் என்னிடம் ஹலால் பற்றிக் கேட்பதில்லை.

கேட்டவள் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் வீட்டில் இருந்தவள். மன்னாரில் பிறந்து, சின்ன வயதிலேயே போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு அங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவள். ஒரு கராஜ் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டின் சுவரில் எப்போதும் கறுப்புப் பூஞ்சணம். வீட்டுக்காரர் ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போவார். அவளுடைய சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு. வைத்தியர் வீட்டை மாற்றச் சொல்லிவிட்டார். அவளும் லொறி ஓட்டும் அவள் கணவரும் வருடக்கணக்காகக் காசு சேர்த்தார்கள். வங்கியில் கடன் எடுத்திருந்தால் எப்போதோ வீடு வாங்கியிருக்கலாம். வட்டி கட்டுவதில்லை என்று இருந்தார்கள். இவர்கள் சேர்க்கச் சேர்க்க வீட்டு விலையும் இவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவள் முகமெல்லாம் சிரிப்பாக மாடியேறி வந்தாள். செயின்ட்-மிஷேலில் ஒரு சின்ன வீடு சரிவந்திருக்கிறதாம். வட்டியில்லாமல் வீடு வாங்கித் தரும் நிறுவனம் ஒன்று ரொறன்ரோவிலிருந்து வந்து இங்கே கிளை திறந்திருக்கிறதாம்.

"அக்கா, நீங்க அந்த வேலைதானே செஞ்சீங்க. எங்களோட ஒருக்கா வந்து எல்லாம் சரியா எண்டு கேளுங்களேன்."

என் கணவர் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும், "போறதெண்டால் போட்டு வாரும். ஆனா வாயைத் துறக்காதையும்" என்றார். அவர் சொல்வதைக் கேட்டு நடந்திருந்தால் நான் எப்போதோ வங்கி வேலையில் இருந்திருப்பேன்.

நிறுவனத்து ஆள் நல்ல மரியாதைக்காரர். பேரீச்சம்பழம் வைத்து உபசரித்தார். சுவரில் அறிஞர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பங்காளித்துவம், நியாயம், குடும்பம் என்று நல்ல நல்ல சொற்களாக வந்தன. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார்.

நான் கேட்டேன், "நீங்கள் எப்போது வீட்டை வாங்குகிறீர்கள்?"

கியூபெக்கில் வீடு கைமாறும் ஒவ்வொரு தடவையும் நகரசபைக்கு வரி கட்ட வேண்டும் என்றார் அவர். வரவேற்பு வரி என்று சனங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வாங்கி உங்களுக்கு விற்றால் அந்த வரி இரண்டு தரம், பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்குச் செலவு இரண்டு தரம். அதனால் நீங்களே நேராக உங்கள் பெயரில் வாங்கிக்கொள்கிறீர்கள். அதே நாளில் எங்களுக்கிடையில் பங்காளி ஒப்பந்தம் எழுதுகிறோம். பதிவேட்டில் எங்கள் பெயர் வீட்டை ஈடு பிடித்தவராக இருக்கும். நடைமுறைக்காக மட்டும்.

"அப்படியென்றால் நீங்கள் வாங்கவே இல்லை."

"கருத்தளவில் நாங்கள் பங்காளிகள்."

"நாளைக்கு வீடு எரிந்தால் நட்டம் யாருக்கு?"

"காப்புறுதி இருக்கிறதே. அது வாங்குபவரின் பொறுப்பு."

"காப்புறுதி தராமல் விட்டால்?"

அவர் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். வாங்குபவருக்குத்தான் என்றார்.

"அக்கா, என்ன சொல்றார்?" என்று அவள் கேட்டாள்.

நான் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. சரி, அவர்களையே முதலில் வாங்கச் சொல்லுங்கள், இரண்டு வரியையும் நாங்களே கட்டுகிறோம் என்று அவள் கணவர் சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதுதான் நான் கேட்டேன், வீட்டை வாங்குகிறோம் என்று விற்பவருக்குக் கொடுத்த வாக்குறுதிப் பத்திரத்தில் யார் கையெழுத்து வைத்தது என்று.

"நாங்கதான் அக்கா. ரெண்டு பேரும் வச்சிட்டம். இல்லாட்டி வீடு மத்தாக்களுக்குப் போயிடும் எண்டு முகவர் சொன்னார்."

தோஹாவில் இந்தப் பிழையை எத்தனை பேர் செய்யக் கண்டிருக்கிறேன். வங்கி வாங்குமுன் வாடிக்கையாளர் போய்த் தானே விலை பேசி வாங்கிவிடுவார். பிறகு வங்கி விற்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஆனால் அங்கே அது அவசரக்காரர் செய்யும் பிழை. இங்கே வேறு வழியே கிடையாது. மொன்றியலில் வாங்குபவர் தன் பெயரில் எழுதிக் கையெழுத்து வைக்காவிட்டால் எந்த விற்பனைக்காரரும் கதவு திறக்கமாட்டார். இவ்வளவு நாளுக்குள் காசுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று கடிதம் காட்டாவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். சான்றிதழில் கையெழுத்திட்ட அறிஞர்கள் இந்த ஊரில் ஒரு வீட்டையாவது வாங்கிப் பார்த்தார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் நேரே நிலக்கீழ் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். மூன்று மௌலவிமாருக்குத் தொலைபேசி எடுத்தாளாம். ஒருவர் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார். ஒருவர் பிள்ளைக்கு வருத்தம் என்றால் வட்டியே பரவாயில்லை, நிர்ப்பந்தம் என்றார். மூன்றாமவர் வாடகை வீட்டில் இருப்பது பாவமில்லையே என்றார். பூஞ்சணத்தை அவர் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லுங்க அக்கா."

"நான் சைவக்காரி. என்னட்ட ஏன் கேக்கிறீர்?"

"நீங்கதானே அதைக் கண்டுபிடிச்சீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை. அந்தச் சான்றிதழ்மேல், வரியை இரண்டு தரம் கேட்கும் நகரசபைமேல், உடுப்பு மாற்றிய வட்டி என்று சிரித்த அந்த நேர்முகக்காரன்மேல். எத்தனையோ நாடுகளில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டி நடத்தும் ஒரு தொழில், ஒரு லொறிக்காரனின் சின்ன வீட்டுக்கு முன்னால் வந்ததும் நொண்டுகிறது. அங்கே அரசாங்கங்கள் அதற்காகச் சட்டத்தையே வளைத்துக் கொடுத்தன, இரண்டு தரம் கைமாறினாலும் ஒரு தரம்தான் வரி என்று. இங்கே யாருக்கு அந்த அக்கறை?

அவள் கேட்டாள், "உங்கட வங்கியில நீங்க எல்லாம் சரியாத்தானே செஞ்சீங்க?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். நான் அந்த உலோகக் கதையைச் சொன்னேன். காணாத உலோகம், ஆறாத தேத்தண்ணி, என் கையெழுத்து. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, பிள்ளைக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்று போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அவள் கணவர் படிக்கட்டில் என்னை மறித்தார். சத்தம் போடவில்லை. "அக்கா, நாங்க ஏதோ நம்பிக்கையில வெளிக்கிட்டம். அந்தக் கம்பெனிக்காரர் காட்டின கடதாசியே எங்களுக்குப் போதும். நீங்க இப்ப அதையும் எடுத்திட்டீங்க. பிள்ளைய நான் எங்க கொண்டு வைக்கிறது?" என்றார். உள்ளே வந்து என் கணவரிடம் சொன்னேன். "வாயைத் துறக்காதையும் எண்டு சொன்னனானெல்லே" என்றார். ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். உண்மையைச் சொன்னது பிழையா? கேட்டபோது பொய் சொல்லியிருக்க வேண்டுமா? அவர் அகப்பையை எடுத்துக் கழுவி வைத்தார்.

கடிதம் காட்டவேண்டிய நாள் நெருங்கியபோது அவள் மறுபடி கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "நாளைக்கு வேலையில லீவு எடுப்பீங்களா அக்கா? பேங்க்குக்குப் போகணும். அவங்க பிரெஞ்சில கதைப்பாங்க" என்றாள்.

எந்த வங்கி என்று கேட்டேன். மூலையில் இருக்கும் சாதாரண வங்கி. வட்டி வாங்கும் வங்கி.

கணக்கில் தானாக வந்து விழும் வட்டிச் சில்லறையைக்கூடப் பிரித்தெடுத்து யாருக்காவது கொடுத்துவிடுகிறவள் அவள். அந்த நிறுவனத்திலேயே கையெழுத்து வையும், அறிஞர்கள் பொறுப்பு, நான் சொன்னதை மறந்துவிடும் என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். மறக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு மற என்றால் எப்படி என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள்.

வங்கியில் இருந்தவர் வேலையில் கெட்டிக்காரர். ஒப்பந்தத்தைத் திருப்பி வைத்து ஒவ்வொரு வரியாகப் பேனாவால் காட்டினார். இது முதல், இது வட்டி என்றார். அந்தச் சொல்லை நான் தமிழில் சொன்னபோது என் குரல் இறங்கியது. அவள், "சத்தமாச் சொல்லுங்க அக்கா" என்றாள். கணவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது கேட்க இருக்கிறதா என்று வங்கிக்காரர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வீடு எரிஞ்சா நட்டம் யாருக்கு எண்டு கேளுங்க."

கேட்டேன். உங்களுக்குத்தான், மேடம், காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

"அங்கயும் இதைத்தானே சொன்னாங்க" என்றாள். பிறகு பேனாவை எடுத்தாள். "இவங்க வட்டிய வட்டி எண்டு சொல்றாங்க அக்கா. நாளைக்கு நான் அல்லாகிட்ட தௌபா செஞ்சு மன்னிப்புக் கேக்கிறதெண்டால், என்ன பாவத்துக்குக் கேக்கிறன் எண்டாவது எனக்குத் தெரியும்."

கையெழுத்து வைத்தாள். வங்கிக்காரர் மரியாதையோடு என்னைப் பார்த்து, மேடம் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"எல்லாம் விளங்கிவிட்டதாம்" என்றேன்.