ஹார்லன் போட்ட புகார்

ஹார்லன் வெல்டைசன் யாரையும் நம்பமாட்டார். டிவியில் வானிலை வாசிக்கிற பெண்ணைக்கூட நம்பமாட்டார். எங்கள் வெஸ்டர்மீர் கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். நான், லினெட், அவருக்குத் துணை. துணை என்றால் வேன் ஓட்டுவது, பந்து டப்பாக்களைத் தூக்குவது, அவர் புலம்பலுக்குக் காது கொடுப்பது. பதினொரு வருஷம் கொடுத்திருக்கிறேன்.

டென்னிஸுக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். ஆலங்கட்டி மழையில் சோளம் போய்விட்டது என்று எங்கள் அயோவா விவசாயி சொன்னால், வயலில் இறங்கி, தண்டைத் தடவிப் பார்த்து, அது ஆலங்கட்டி அடித்ததா, காப்பீட்டுப் பணத்துக்காக ஆளே சங்கிலியால் அடித்ததா என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண்ணோடுதான் மைதானத்துக்கும் வந்தார். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகள் ஆடுகிற மூன்றாம் பிரிவில் கோர்ட்டுக்கு ஒரு நடுவர் வைக்க யாரிடம் வசதி இருக்கிறது? பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிற பெண்களே சொல்லிக்கொள்ள வேண்டும். ஹார்லன் கம்பிவேலிக்குப் பின்னால் குனிந்து நின்று, எதிரணிப் பெண்கள் தப்பாகச் சொன்னதையெல்லாம் நோட்டில் குறிப்பார். எங்கள் பெண்கள் தப்பாகச் சொன்னால் மட்டும் பென்சில் ஓடாது.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பயிற்சியாளர்களும் வலையருகே நின்று, ஆடுகிறவர்களின் வரிசையை எழுதிய சீட்டை மாற்றிக்கொள்வார்கள். இருப்பதிலேயே பலமானவள் முதலாவது, அப்படியே ஆறு வரைக்கும் என்பது விதி. ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர், ஆக மொத்தம் ஒன்பது புள்ளி. ஹார்லன் எதிராளியின் சீட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்த பிறகுதான் வலது கைச் சீட்டை விடுவார். ஒருமுறை எதிராளியும் அதே ரகமாக அமைந்துவிட, சீட்டு கிழிந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு நல்ல அணி அமைந்தது. வெஸ்டர்மீர் ஒருமுறைகூட தேசியப் போட்டிக்குப் போனதில்லை. எங்கள் லீக்கில் முதலாவதாக வருகிறவர்கள் நேராகப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு மிச்சமிருக்கும் சில இடங்களை ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிக்கும். மண்டலத் தரப்பட்டியலில் இருக்கிற எத்தனை அணிகளை நீ ஜெயித்தாய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நாங்கள் லீக்கில் இரண்டாவது. எங்கள் முதல் ஆட்டக்காரி டெலேனிக்குக் கடைசி வருஷம். முழங்காலில் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையை இந்தப் போட்டிக்காகவே தள்ளிப்போட்டு, பட்டை சுற்றிக்கொண்டு ஆடினாள். மே மாதம் முடிந்தால் ஒமாஹாவில் நர்ஸ் வேலை. அதற்குப் பிறகு அவளுக்கு டென்னிஸ் இல்லை.

மார்ச் மாதம் செயின்ட் ஆல்ட்ரிக் கல்லூரியை ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தோம். அவர்கள் பட்டியலில் ஏழாவது. பெண்கள் வேனில் தொண்டை கிழியப் பாடினார்கள். முன் சீட்டில் ஹார்லன் மட்டும் உம்மென்று இருந்தார்.

"லின், நாலாவதா ஆடுனாளே ஒருத்தி, பாத்தியா?"

"பாத்தேன். நம்ம பொண்ணப் பெண்டு எடுத்துட்டா."

"அவ நாலாவதா? ஜோலீன் யார் காதுல பூ சுத்துறா?"

ஜோலீன் அவர்களுடைய பயிற்சியாளர். பலமில்லாத பெண்ணை மேலே பலி கொடுத்துவிட்டு, பலசாலியைக் கீழே இறக்கி, அங்கே சுலபமாகப் புள்ளி அள்ளுகிறாள் என்பது ஹார்லனின் சந்தேகம். எங்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய திருட்டு கிடையாது.

அடுத்த மூன்று சனிக்கிழமை, மீன் பிடிக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செயின்ட் ஆல்ட்ரிக் கார் நிறுத்துமிடத்தில் தன் பிக்கப் வண்டிக்குள் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் போட்டி ஒன்றில் அந்த நான்காவது பெண் தன் அணியின் முதலாவது பெண்ணையே ஆறு-ஒன்று, ஆறு-ஒன்று என்று சுருட்டியிருந்ததைத் தோண்டி எடுத்தார். நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதி என் மேஜையில் வைத்தார்.

"அனுப்பித்தான் ஆகணுமா? நாமதான் ஜெயிச்சாச்சே," என்றேன்.

"அஞ்சு-நாலு ஒரு ஜெயிப்பா? நியாயமா ஆடியிருந்தா ஆறு-மூணு. அந்தத் திருடிய சும்மா விடச் சொல்றியா?"

எழுத்துப்பிழை திருத்தி, காற்புள்ளி வைத்துக் கொடுத்தேன். நாலு பக்கத்தையும் படித்தவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. ஹார்லன் சொன்னது அத்தனையும் உண்மை. ஜோலீனுக்கு மூன்று ஆட்டம் தடை. புரட்டிய இடங்களில் அவர்கள் ஜெயித்ததெல்லாம் தோல்வியாக மாற்றப்பட்டது. நாங்கள் ஜெயித்த ஆட்டமும் ஏட்டில் ஆறு-மூன்று என்று ஆனது. மனிதர் அன்றைக்கு மைதானம் முழுக்க விசிலடித்துக்கொண்டே நடந்தார்.

குழு அணிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை கடைசித் தரப்பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன்.

"ஹார்லன், செயின்ட் ஆல்ட்ரிக்கக் காணோமே."

"தூக்கிட்டாங்க. பின்ன, தூக்காம?"

"பட்டியல்ல இருக்கிற டீம் வேற எதையாவது இந்த வருஷம் நாம ஜெயிச்சிருக்கோமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பட்டியலில் நாங்கள் மோதிய மற்ற மூன்று அணிகளிடமும் தோற்றிருந்தோம். இருந்த ஒரே ஒரு நல்ல வெற்றியை அவரே ஒன்றுக்கும் உதவாததாக்கிவிட்டார்.

"எல்லாத்தையும் பாத்தேனே," என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஒருவேளை இதுவே ஜோலீன் போட்ட திட்டமா இருக்குமோ?"

"சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம், தேர்வான அணிகளின் அறிவிப்பைப் பார்க்க உணவுக்கூடத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். பெண்கள் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கட்டமும் நிரம்பியது. எங்கள் பெயர் வரவில்லை. யாரும் சாப்பிடவில்லை.

முதலில் பேசியது டெலேனி. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"கோச், இது ஜோலீன் வேலைதான். குழுவுல அவளுக்கு யாரோ ஆள் இருக்கு."

"நம்மளப் பாத்தாலே அவளுக்கு வயித்தெரிச்சல்," என்றாள் இன்னொருத்தி.

"யாருக்கு லாபம்னு முதல்ல பாருன்னு நீங்கதானே கோச் சொல்வீங்க?" என்றாள் டெலேனி.

ஹார்லன் என்னைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அது கோழைத்தனம்தான், இருந்தாலும் விரும்பினேன். ஜோலீன் திருடிதானே, இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கட்டுமே.

"நான்தான்," என்றார் ஹார்லன்.

"என்ன கோச்?"

"செயின்ட் ஆல்ட்ரிக் மேல புகார் போட்டது நான். அதனாலதான் அவங்க பட்டியல்லேருந்து போனாங்க. அவங்க போனதும் நம்ம வெற்றிக்கு மதிப்பில்லாமப் போச்சு."

டெலேனி சிரித்தாள். "போங்க கோச். இதெல்லாம் கணக்குப் பண்ணாத ஆளா நீங்க? யாரைக் காப்பாத்தப் பாக்குறீங்க?"

சொல்லிக்கொண்டே மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கூடவே மற்ற எட்டுப் பெண்களும் திரும்பினார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் அளந்தார்கள். அந்தப் பார்வையை யாரிடமிருந்து கற்றார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஹார்லன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். புகார் அனுப்பிய தேதியிலிருந்து தொடங்கி, ஒன்றுவிடாமல் மறுபடியும் சொன்னார். இந்த முறை டெலேனி நம்பினாள்.