தம்பிக்காக மாற்றிய பிரேக்

என் தம்பி பிறந்த மூன்று மாதம் வரைக்கும் அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் கன்னிவாடியில், அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தான். நான் திண்டுக்கல்லில் அப்பாவோடு இருந்தேன். அவனையும் அம்மாவையும் அழைத்து வருவதற்காக அப்பா காரின் பிரேக்கை மாற்ற உட்கார்ந்தாரே, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

அந்தப் பழைய காரில் நான் பால்குடிக் குழந்தையாக இருந்ததிலிருந்து போய்வந்திருக்கிறேன். பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் கிறீச்சென்று கத்தும். படுத்திருக்கும் தெருநாய் எழுந்து ஓடும். அப்போதெல்லாம், "அது அப்பிடித்தான் கத்தும்" என்று சொன்ன அதே அப்பா, இப்போது முழ நீளம்கூட இல்லாத ஒருவனுக்காகப் புது பிரேக் ஷூ வாங்கி வந்திருந்தார். ஒன்பது வயதுக்காரி எங்கே போய் முட்டினாலும் பரவாயில்லையாக்கும்.

மெக்கானிக் ஊரில் இல்லை. மறுநாளை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எங்கள் வீட்டில் பச்சைப்பிள்ளையை அழைத்து வர மாட்டார்கள். அதனால் உரக்கடை வைத்திருந்த அப்பா தானே துணிந்துவிட்டார். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஷூவை மூடியிருந்த டிரம் லேசில் வரவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி உருவியதும் கறுப்புத் தூள் கொட்டியது. தேய்ந்த ஷூ இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங்குகளைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பினார்.

"பாப்பா, உள்ள ஏறி பிரேக்க மட்டும் மிதிச்சிராத. ஆயில் பூராம் கொட்டிரும். அப்பறம் நாளைக்கு வண்டி எடுக்க முடியாது."

அதுவரை, வண்டியைக் கிளம்பவிடாமல் செய்ய அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. ஆடி முழுக்க அப்பா எனக்கு மட்டும் என்று கணக்குப் போட்டேன். அம்மாவும் வர மாட்டாள் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

அப்பா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சக்கரத்துக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் போய், திறந்திருந்த கதவு வழியாகச் சீட்டு நுனியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் பெடலை அழுத்தினேன். பொசுக்கென்று உள்ளே போனது. "அய்யய்யோ!" என்று அப்பா கத்தினார். நான் அடுப்படிக்கு ஓடி, தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தேன்.

பின்னாலேயே வந்தார். சட்டையெல்லாம் ஆயில். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பாவுக்கும் ஒரு செம்பு மோந்து குடு" என்றார்.

பிறகு பிசுக்குக் கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை அழைத்தார்.

"வண்டி நாளைக்கு ஆகாது. பின்சக்கரத்தப் பிரிச்சுப் போட்டுட்டு, தெரியாம பெடல மிதிச்சுப்புட்டேன். என் தப்புதான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்காகவாவது இரண்டு பேரும் செத்த நேரம் என்னைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஆள் பெடலை எப்படி மிதித்தீர்கள் என்று அம்மா கேட்கவில்லை.

"வாடகைக்கு ஒரு காரப் பிடிச்சு வாங்க. பாப்பாவையும் கட்டாயம் கூட்டியாங்க. வாரப்ப அவ எம் மடியில வரட்டும். தம்பிய நீங்க வாங்கிக்கங்க."

தம்பிய நீங்க வாங்கிக்கங்க என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

மறுநாள் வாடகைக் காரில் திரும்பும்போது, ரெட்டியார்சத்திரம் தாண்டி வரும் வரைக்கும், அம்மாவின் மடியில் இருந்தபடி, பக்கத்தில் அப்பாவின் மடியில் தூங்கியவனைக் கண்கொட்டாமல் முறைத்துக்கொண்டே வந்தேன். அம்மா வழியெல்லாம் என் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அது இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டு தடவை அவள் கையைத் தட்டிவிட்டேன்.